மோட்டர் விஜியின் ஹெட்போன்

இனிமேல் தன் வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வெளியே போகாது என்று விஜிதரன் சபதம் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புட்டுக்கும் சம்பலுக்கும் நடுவில். சபதம் எடுப்பதில் அவரை மிஞ்சப் புதுக்குடியிருப்பில் ஆள் கிடையாது. வெற்றிலையை விடுவதாகச் சபதம் எடுத்தார். வெற்றிலைதான் அவரை விடவில்லை. தினமும் விடிய எழும்பி ஓடப்போவதாகச் சொல்லிச் சப்பாத்து வாங்கினார். அதைக் கவ்விக்கொண்டு பக்கத்து வீட்டு நாய் மட்டும் ஓடியது. ஆனால் இந்தச் சபதம் அப்படிப்பட்டதல்ல. இதில் அவருடைய மானம் சிக்கியிருந்தது.

விஜிதரனுக்குப் பிழைப்பு தண்ணி மோட்டர் திருத்துவது. சந்தைக்குப் பக்கத்தில் சின்னக் கடை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றடியில் மோட்டர் மூச்சு விட மறந்தாலும் அது அவரிடம்தான் வரும். ஊரில் அவருக்குப் பெயரே மோட்டர் விஜி. ஆனால் தான் பிறந்தது மோட்டருக்காக அல்ல, ட்ரம்ஸுக்காக என்பது அவருடைய அசைக்கமுடியாத நம்பிக்கை. 'நந்திநாதம்' இசைக்குழுவில் அவர்தான் எலெக்ட்ரோனிக் ட்ரம்ஸ். தோல் கட்டிய பழைய ட்ரம் அல்ல. வட்டவட்டமான ரப்பர்த் தட்டுகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர், எல்லா வயரும் போய்ச் சேருகிற ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டிக்கு அவர் வைத்த பெயர் மூளைப்பெட்டி. எந்தத் தட்டு எவ்வளவு சத்தம் போடவேண்டும் என்பதை அதில்தான் திருகி வைக்கவேண்டும். பிறகு பெட்டியிலிருந்து ஒரே ஒரு வயர் அம்ப்ளிபயருக்குப் போகும். உள்ளே திருகியது பிழைத்தால் வெளியே கடவுளாலும் திருத்த முடியாது.

அதுதான் முல்லைத்தீவில் ஒரு கலியாண வீட்டில் பிழைத்தது. காலால் மிதிக்கிற பெரிய ட்ரம்மின் சத்தத்தை விஜிதரன் கொஞ்சம் தாராளமாகத் திருகிவிட்டார். பாட்டுக்காரி யதுர்ஷிகா வாயைத் திறந்து திறந்து மூடியது தெரிந்தது. பாட்டு மட்டும் கேட்கவில்லை. பந்தியில் பாயாசம் கிளாசுக்குள் தானே கலங்கியது. மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடைக்குக் கிட்ட வந்து, "தம்பி, பின்னால லொறி ஏதும் றிவேர்ஸ் எடுக்குதோ?" என்று அக்கறையோடு விசாரித்தார்.

இசைக்குழுத் தலைவர் பிரதீபன் மரியாதையான ஆள். மரியாதையாகவே கழுத்தை அறுத்தார்.

"அண்ணை, வாற வெள்ளிக்கிழமை குளத்தடிப் பிள்ளையார் கோயில் பொங்கல். ஊரே வரும். அதுக்கிடையில உங்கட சத்தத்தைச் சமப்படுத்திக்கொண்டு வாங்கோ."

"சமப்படுத்தாட்டி?"

"மல்லாவியில பிரசாந்தன் எண்டு ஒருத்தர் இருக்கிறார். அவரும் ட்ரம்ஸ்தான்."

மல்லாவி என்ற ஊர்ப்பெயரைக் கேட்டாலே அன்றிலிருந்து விஜிதரனுக்கு நெஞ்சு எரிந்தது. குளத்தடிப் பிள்ளையார் பொங்கல் அவருடைய ஊர்ப் பொங்கல். சொந்தச் சனத்துக்கு முன்னால், சொந்த மேடையில், தன்னுடைய கதிரையில் மல்லாவிக்காரன் இருப்பதா? அதைவிடத் தான் வெற்றிலையை விட்டுவிடலாம்.

உடனே ட்ரம்ஸை வீட்டு ஹோலில் பொருத்தி, அம்ப்ளிபயரையும் இழுத்து வைத்துச் சமப்படுத்தத் தொடங்கினார். அரை மணித்தியாலம் ஆகவில்லை. குசினியிலிருந்து மனைவி தயாளினி வந்து வாசலில் நின்றாள்.

"இஞ்சாருங்கோப்பா! குசினியில சட்டி மூடியெல்லாம் ஆடுது."

"அது தாளம் பிடிக்குது. மூடிக்கே விளங்குது, உமக்கு விளங்கேல்ல."

"ஏன் விளங்காமல்? அடைகாத்த கோழிக்கும் விளங்கிட்டுது. முட்டையை விட்டிட்டு இராசேஸ்வரி அக்கா வீட்டில போய் நிக்குது."

"கலைஞன்ர வீட்டுக் கோழி அப்பிடி ஓடலாமோ?"

"கலைஞன்ர பெஞ்சாதியும் ஓடுறாள்தானே. தைப்பொங்கலுக்கு முன்னம் நிண்ட மோட்டர். ஊரெல்லாம் தண்ணி ஓடுது, எங்கட வீட்டில நான் வாளியோட ஓடுறன்."

இதுதான் அந்த வீட்டின் நிரந்தரப் பல்லவி. ஊரின் மோட்டர்களையெல்லாம் திருத்துகிற விஜிதரனின் சொந்தக் கிணற்றடி மோட்டர் மாதக்கணக்காகச் சும்மா குந்தியிருந்தது. கடைக்கு வருகிற மோட்டர்களுக்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் வீட்டு மோட்டருக்குக் கடைசி இடம். வரிசைக்கோ கடைசியே கிடையாது.

"பேந்து பாப்பம்," என்றார் விஜிதரன். பேந்து என்பது அவருடைய அகராதியில் ஒருபோதும் விடியாத ஒரு நாள்.

"சரி. மோட்டரைப் பேந்து பாருங்கோ. இந்தச் சத்தத்தை நான் இப்பவே பாக்கிறன். இன்னொருக்கா மூடி ஆடினால் உந்த ட்ரம்ஸ் மாட்டுக் கொட்டிலில நிக்கும். மாடு இஞ்ச ஹோலில நிக்கும்."

தயாளினி சொன்னால் செய்வாள். மாட்டுக்கும் ஹோல் பிடித்துப் போகலாம். ஆகவேதான் புட்டுக்கும் சம்பலுக்கும் நடுவில் அந்தச் சபதம். அன்று பின்னேரமே காதை முழுசாய் மூடுகிற ஒரு கறுப்பு ஹெட்போன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

"இனி அம்ப் வேண்டாம். சத்தம் முழுக்க என்ர காதுக்குள்ள மட்டும்தான். உமக்கும் நிம்மதி, கோழிக்கும் நிம்மதி," என்று அறிவித்தார்.

மனைவிமேல் வைத்த பாசத்தால் வாங்கியது போலத்தான் இருந்தது. ஆனால் அவருடைய மனதுக்குள் இன்னொரு எண்ணம் இனிப்பாக ஊறிக்கொண்டிருந்தது. ட்ரம்ஸ் சத்தம் வெளியே போகாது என்பது உண்மைதான். வெளிச் சத்தமும் உள்ளே வராது. வாளி, மோட்டர், தேங்காய், விறகு, பல்லவி, ஒன்றும் வராது. இப்படி ஒரு சாமானைக் கண்டுபிடித்தவன் கலியாணம் கட்டியவனாகத்தான் இருக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்தடுத்த நாட்கள் விஜிதரனுக்கு வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். கடையைச் சாத்திக்கொண்டு வருவார், ஹெட்போனை மாட்டுவார், உலகம் அணைந்துவிடும். பெரிய ட்ரம்மைக் கொஞ்சம் குறைப்பார், சிம்பலைக் கொஞ்சம் கூட்டுவார். காதுக்குள் ஒவ்வொரு சத்தமும் தன் தன் இடத்தில் வந்து மரியாதையாகக் குந்தியது. வெளியே நிற்பவர்களுக்கோ ரப்பர்ச் செருப்பால் யாரோ சுவருக்கு அடிப்பது போல டொக் டொக் என்று மட்டும் கேட்டது.

தயாளினி கூப்பிடுவாள். பதில் வராது. கிட்ட வந்து தோளைத் தட்டினால் ஒரு காதை மட்டும் மெல்லத் தூக்குவார்.

"தேங்காய் உரிச்சுத் தரச் சொன்னனான்."

"கேக்கேல்லயப்பா. சத்தத்தைச் சமப்படுத்திக்கொண்டிருக்கிறன்."

தூக்கிய காது மறுபடி மூடிக்கொள்ளும். இந்த ஒரு வசனத்தை வைத்து விறகு கொத்துவதிலிருந்தும், மாமியாருக்குப் போன் எடுப்பதிலிருந்தும், வேலிக்குக் கம்பி கட்டுவதிலிருந்தும் அவர் தப்பினார். வசனம் தேயவேயில்லை.

செவ்வாய்க்கிழமை, வேலிக்கு அந்தப் பக்கத்து இராசேஸ்வரி தன் வீட்டில் குடியேறிய கோழியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். விஜிதரன் கண்ணை மூடித் தலையை ஆட்டி ஆட்டி வாசித்துக்கொண்டிருந்தார். தயாளினி அவர் முன்னால் போய் நின்று கேட்டாள்.

"இந்தக் கிழமைக்குள்ள மோட்டரைத் திருத்துவியளோ?"

தலை ஆடியது.

"சத்தியமாய்?"

தலை இன்னும் பலமாக ஆடியது.

"அக்கா, நீங்கள் சாட்சி."

இரவுச் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் வழக்கு விசாரணைக்கு வந்தது. விஜிதரன் ஒரே வாதத்தில் வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

"அது தாளத்துக்கு ஆட்டின தலை. தலை ஆடினால் வாக்காகுமோ? வாயால சொன்னால்தான் வாக்கு. என்ர வாயால ஏதேன் வந்ததோ? இல்லைத்தானே!"

"ஓம், வாயால வரேல்லத்தான்," என்று தயாளினி ஒத்துக்கொண்டு இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டாள். அவள் இவ்வளவு கெதியாக ஒத்துக்கொண்டதைப் பார்த்து விஜிதரன் யோசித்திருக்க வேண்டும். சோறு நன்றாக இருந்தது, யோசிக்கவில்லை.

புதன்கிழமை பிரதீபன் வீட்டில் ஒத்திகை. விஜிதரன் மாப்பிள்ளை மாதிரிப் போய் இறங்கினார். மூளைப்பெட்டியை அம்ப்ளிபயரில் செருகி, "கேளுங்கோ, ஹெட்போனில வைச்சு ஒவ்வொண்டாய்ச் சமப்படுத்தினது," என்று சொல்லி ட்ரம்ஸ் தடியைத் தூக்கினார்.

பெரிய ட்ரம் காணாமல் போயிருந்தது. சிம்பலோ யாரோ குசினியில் கோபத்தோடு தட்டுகளை விட்டெறிவது போல எகிறியது. யதுர்ஷிகா மைக்கை வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்தினாள்.

"அம்ப்பில பிழை," என்றார் விஜிதரன்.

"அம்ப் புதுசு அண்ணை."

"அப்ப வயர்."

"வயரும் புதுசு." பிரதீபன் கதிரையை இழுத்துப் போட்டுப் பொறுமையாகச் சொன்னார். "ஹெட்போனில பெரிய ட்ரம் காதுக்குப் பக்கத்தில வந்து நிண்டு அடிக்கும். கூடிப்போச்செண்டு நினைச்சுக் குறைச்சிருப்பியள். சிம்பல் மெல்லிசாய்க் கேட்டிருக்கும், கூட்டியிருப்பியள். வெளிய போட்டால் எல்லாம் தலைகீழ். நீங்கள் மேடையில அம்ப்புக்குப் பின்னால இருக்கிற ஆள். முன்னால இருக்கிற சனத்துக்கு என்ன கேக்குது எண்டு உங்களுக்குத் தெரியவே தெரியாது. தூர ஒரு ஆளை நிப்பாட்டிக் கேளுங்கோ. நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள சரிவராட்டி..."

"மல்லாவிப் பேரை எடுக்காதையும்," என்றார் விஜிதரன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மோட்டார் சைக்கிளில் தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டு போனார். தன் காதில் பிழை இல்லை. காதைத் தப்பான இடத்தில் வைத்ததுதான் பிழை. தூரத்தில் நின்று கேட்க இன்னொரு சோடிக் காது வேண்டும். நல்ல காது. சட்டிமூடி ஆடுவதைக்கூடக் கண்டுபிடிக்கிற காது. அந்தக் காது யாருடையது என்று யோசித்தபோது மோட்டார் சைக்கிள் தானாகவே மெதுவாகப் போயிற்று.

வியாழக்கிழமை கடையைத் திறக்கவேயில்லை. குசினி வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"தயா, உமக்கு நல்ல காதெல்லே?"

"என்னப்பா, கேக்கேல்ல. தேங்காய் திருவிக்கொண்டிருக்கிறன்."

இரண்டாம் முறையும் கேட்டார். மூன்றாம் முறை தேங்காயை வாங்கித் தானே திருவிக்கொண்டு கேட்டார். அப்போது கேட்டது.

"தூர நிண்டு கேட்டுச் சொல்லத்தானே வேணும்? சொல்லுறன். கிணத்தடியில நிண்டு சொல்லுறன். எனக்கு எப்பிடியும் அங்கதான் வேலை."

அந்தக் குத்தல் விளங்காதது போல விஜிதரன் அம்ப்ளிபயரை விறாந்தைக்கு இழுத்து முற்றத்தைப் பார்க்க வைத்தார். தயாளினி கிணற்றடிக்குப் போனாள். அவர் அடித்தார். அவள் ஏதோ சொன்னாள். அம்ப் போடுகிற சத்தத்தில் அவளுடைய வாய் அசைவது மட்டும் தெரிந்தது, கலியாண வீட்டு யதுர்ஷிகாவைப் போல.

"கையால காட்டும்! கூட்டுறதெண்டால் மேல, குறைக்கிறதெண்டால் கீழ!" என்று கத்திவிட்டு மறுபடி தொடங்கினார்.

அவள் கை மேலே போயிற்று. பெரிய ட்ரம்மைக் கூட்டினார். இன்னும் மேலே போயிற்று. இன்னும் கூட்டினார். கை கீழே வந்தது, குறைத்தார். மறுபடி மேலே, மேலே, மேலே. கூட்டிக்கொண்டே போனார். விறாந்தை ஓடு ஒன்று இடம்பெயர்ந்தது. கோழி மூட்டை முடிச்சு இல்லாமலே இராசேஸ்வரி வீட்டுக்குக் கிளம்பியது. தயாளினி ஓடிவந்தாள்.

"ஏனப்பா உப்பிடிக் கூட்டுறியள்?"

"நீர்தானே கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினனீர்!"

"நான் தண்ணி அள்ளினனான்!"

சில மனிதர்களுக்கு ஆபத்தான நேரத்தில்தான் மூளை வேலை செய்யும். விஜிதரனுக்கு அப்போது வேலை செய்தது. நன்றாகவே வேலை செய்தது. அதுதான் அவருக்கு வினையாக முடிந்தது.

"உம்மட போனைக் கொண்டாரும். இந்த மூளைப்பெட்டியில புளூடூத் இருக்கு. உம்மட போனை இதோட சேர்த்துவிடுறன். நீர் கிணத்தடியில நிண்டு போனில வொய்ஸ் ஒண்டு போட்டு, அதை ஓட விட்டால் நேரை என்ர ஹெட்போனுக்க வரும். உம்மட குரல் என்ர காதுக்கு மட்டும்தான். வேற ஒரு குஞ்சுக்கும் கேக்காது."

"அப்பிடியே? ஆருக்கும் கேக்காதோ?"

"இதில எனக்குப் பாடம் எடுக்கிறீரோ? எத்தினை மோட்டர் பாத்தவன் நான்!"

தயாளினி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதை முதன்முதல் காண்பவள் போல முழித்தாள். கனடாவில் இருக்கிற தமக்கையோடு நாளெல்லாம் வொய்ஸில் குடித்தனம் நடத்துகிறவள் அவள். ஆனால் கற்றுக்கொடுக்கிற உற்சாகம் வந்துவிட்டால் எந்தப் புருசனுக்கும் அதெல்லாம் ஞாபகம் வராது.

"எனக்கு உது விளங்காதப்பா. ஒருக்கா நீங்களே கதைச்சுப் பதிஞ்சு காட்டுங்கோவன்."

"இந்தா, இதை அமத்தினால் பதியும். என்னத்தைக் கதைக்க?"

"எதையேன் கதையுங்கோ. மோட்டர் எப்ப திருத்துவியள் எண்டு சொல்லுங்கோவன், சும்மா."

காரியம் ஆகவேண்டும். நாளைக்கு மேடை வேண்டும். ஒரு வாக்கைக் காற்றில் விட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது? விஜிதரன் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, கோயில் ஸ்பீக்கரில் அறிவித்தல் வாசிக்கிறவரைப் போலக் குரலைக் கனமாக்கி, வேண்டிய அளவுக்குக் கதைத்தார். தயாளினி இடையில் ஒன்று கேட்டாள். அதற்கும் நல்ல மனநிலையில் உண்மையாகவே பதில் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். கன காலத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. விஜிதரன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடிப்பார்; நிறுத்துவார். கிணற்றடியிலிருந்து தயாளினியின் குரல் காதுக்குள் வந்து இறங்கும்.

"பெரிய ட்ரம் நெஞ்சில இடிக்குது. குறையுங்கோ."

குறைப்பார், அடிப்பார், நிறுத்துவார்.

"இப்ப மாவிடிக்கிற மாதிரி இருக்கு. இவ்வளவு காணும். ஆனால் தகரம் கொட்டுற மாதிரி ஒண்டு கேக்குதே, அதைப் பாருங்கோ."

சிம்பலைக் குறைப்பார்.

"நடுவில நீங்கள் கையை ஓங்கி ஓங்கி அடிக்கிறது ஒண்டு, அது கேக்கவே இல்ல. சும்மா அபிநயமோ?"

கூட்டுவார். இப்படியே போய், ஒரு கட்டத்தில் காதுக்குள் குரல் வந்தது: "இப்ப வடிவாய் இருக்கு. பாட்டுப் பாடினாலும் கேக்கும்." நிமிர்ந்து பார்த்தார். தயாளினியும், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த இராசேஸ்வரியும் விறாந்தை அம்ப்ளிபயரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தன்னுடைய திறமையைப் பார்த்துப் பூரித்துப் போய்விட்டார்கள் என்று விஜிதரன் நினைத்து, இரண்டு தடியையும் தூக்கி அவர்களுக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

பின்னேரம் பிரதீபன் வந்து கேட்டார். கேட்டுவிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அண்ணை, இதுதான் சத்தம்! இதில கையே வைக்கவேண்டாம். நாளைக்கு இப்பிடியே கொண்டு வாங்கோ." மல்லாவி மறுபடியும் ஒரு சாதாரண ஊராகிவிட்டது.

அன்று இரவு விஜிதரன் தானாகவே கேட்டார். "தயா, நாளைக்கும் முன் வரிசையில இருந்துகொண்டு வொய்ஸ் போடும். எங்கையேன் கூடிக் குறைஞ்சால் உடன சொல்லும்."

"இருக்கிறனப்பா. தேவையெண்டால் மட்டும் போடுறன்."

வெள்ளிக்கிழமை குளத்தடிப் பிள்ளையார் கோயில் வீதி நிறைந்து வழிந்தது. பொங்கல் பானைகள் வரிசையாய்ப் பொங்கி முடிந்து, புகை அடங்கி, சனம் பாயை விரித்து மேடைக்கு முன்னால் இடம் பிடித்திருந்தது. மேடையின் இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர்கள். தெரிந்த முகங்கள்தான் எல்லாம். அதில் பாதி முகங்களின் மோட்டர்கள் விஜிதரனின் கடையில் கிடந்தன. பெண்கள் பக்கம் முன் வரிசையில் தயாளினி, கையில் போன். பக்கத்தில் இராசேஸ்வரி.

விஜிதரன் ஹெட்போனை மாட்டினார். தடியைத் தூக்கினார். அன்றைக்கு அவர் வாசித்தது உண்மையிலேயே ஒரு வாசிப்பு. பெரிய ட்ரம் நிலத்துக்குள் இருந்து வந்தது; சிம்பல் மழைத்தூறல் மாதிரி விழுந்தது; யதுர்ஷிகாவின் பாட்டில் ஒரு எழுத்துக்கூட மூழ்கவில்லை. கோயில் தலைவர் வீரகத்தி கதிரையில் இருந்தபடியே காலால் தாளம் போட்டார். விஜிதரனுக்குக் கண் கலங்கியது. இந்த ஒரு பின்னேரத்துக்காகத்தான் தான் பிறந்தது என்று நினைத்தார்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் யதுர்ஷிகா தண்ணீர் குடிக்க நிறுத்தினாள். ஒரு கணம் எல்லாம் அமைதி. விஜிதரன் இரண்டு தடியையும் உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது காதுக்குள் ஒரு குரல் வந்தது. தயாளினியின் குரல் அல்ல. கனமான, கம்பீரமான ஆண் குரல். எங்கேயோ கேட்ட குரல்.

"குளத்தடிப் பிள்ளையார் அறிய, விஜிதரன் ஆகிய நான் சொல்லுறது என்னெண்டால், கோயில் பொங்கல் முடிஞ்ச அடுத்த நாள் விடிய என்ர வீட்டு மோட்டரைத் திருத்துவன். திருத்தாமல் இந்த ட்ரம்ஸில தடி வைக்கமாட்டன்."

விஜிதரன் முன் வரிசையைப் பார்த்துச் சிரித்தார். நல்ல பகிடி, காதுக்கு மட்டும் கேட்கிற பகிடி. ஆனால் முன் வரிசைக்குப் பின்னால் இரண்டாம் வரிசையும் திரும்பித் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. மூன்றாம் வரிசையும் பார்த்தது. கச்சான் கடலை விற்கிறவரும் சுருளைக் கையில் பிடித்தபடி பார்த்தார். விஜிதரன் மெல்ல ஒரு காதைத் தூக்கினார்.

அவருடைய குரல் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டிலுமிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு எழுத்தும் மூழ்காமல், இடி இல்லாமல், தகரம் இல்லாமல், கோயில் வீதி முழுக்க ஒரே அளவாய்க் கேட்டது. மூளைப்பெட்டிக்குள் புளூடூத்தில் வருகிறதும் அதே ஒற்றை வயரால்தான் வெளியே போகும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஹெட்போனுக்குள் இருந்தவருக்கு அது தெரிய வழியில்லை. கிணற்றடியில் நின்றவளுக்கு வியாழக்கிழமையே தெரிந்திருந்தது.

அதற்குள் ஸ்பீக்கரில் தயாளினியின் குரல் சிரித்துக்கொண்டே கேட்டது: "அப்ப முந்தி ஏனப்பா திருத்தேல்ல?"

"ஐயோ, வேண்டாம்," என்றார் விஜிதரன் மேடையில். ஆனால் அவரிடம் மைக் இல்லை.

"உமக்கு உண்மையைச் சொல்லுறன் தயா," என்றது ஸ்பீக்கர். "பஞ்சிதான், வெறும் சோம்பல். வேறயொண்டுமில்ல. கடைக்கு வாற சனத்துக்குச் சாமான் கொழும்பில இருந்து வரவேணுமெண்டு சொல்லுவன். அதுவும் பஞ்சிதான்."

பாயில் இருந்த சனம் ஆளையாள் பார்த்தது. பிறகு பாயிலிருந்து ஒரு குரல் எழும்பியது. "அடேய், என்ர மோட்டரும் கொழும்புச் சாமானுக்குத்தானே நிக்குது!" "என்னதும்!" என்றது இன்னொன்று. "எனக்கு அங்க கப்பலே வரேல்லயெண்டு சொன்னவர்!" சனம் விழுந்து விழுந்து சிரித்தது. யதுர்ஷிகாவுக்குக் குடித்த தண்ணீர் புரைக்கேறியது.

கோயில் தலைவர் வீரகத்தி எழும்பி வந்து மைக்கை வாங்கினார். அவருடைய மோட்டரும் கடையில்தான் கிடந்தது.

"அன்பான அடியார்களே! பிள்ளையார் சந்நிதியில விஜிதரன் தன்ர வாயாலேயே ஒரு நேர்த்தி வைச்சிருக்கிறார். எல்லாரும் காதால கேட்டனீங்கள். கோயில் வீதியில சொன்ன நேர்த்தி பிந்தக்கூடாது. தன்ர வீட்டு மோட்டர் முதல். அதுக்குப் பிறகு எங்கட." சொல்லிவிட்டு உள்ளே பார்த்துக் கையைக் காட்டினார். கோயில் மணி அடித்தது.

பிள்ளையாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனித் தாளத்துக்கு ஆடின தலை என்று சொல்ல வழியில்லை. தடி இல்லாத விஜிதரன் வெறும் மோட்டர் விஜி மட்டும்தான். அவருக்கு வெட்கம் காதுவரை ஏறியது. அந்த வெட்கத்துக்குள்ளும் இவளைப் போல ஒருத்தியைத் தான் கட்டியது தன்னுடைய கெட்டித்தனமா, பிள்ளையாரின் விளையாட்டா என்று ஒரு ஆச்சரியம் வந்தது. முன் வரிசையில் தயாளினி போனைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவள் போலத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கடைசிப் பாட்டும் நன்றாகத்தான் போயிற்று.

இறங்கி வரும்போது பிரதீபன் தோளில் கைபோட்டார். "அண்ணை, சத்தம் எண்டால் இதுதான் சத்தம். கடைசியில வந்த அறிவித்தல்கூட என்ன தெளிவு!"

சனிக்கிழமை விடிய, கிணற்றடியில் விஜிதரன் குந்தியிருந்தார். படலைக்கு வெளியே வீரகத்தியும், இன்னும் சிலரும், நேர்த்தி சரியாய் நிறைவேறுகிறதா என்று பார்க்க வந்து நின்றார்கள். மோட்டரைக் கழற்றிப் பார்த்தால் பழுது ஒரு சின்னக் கப்பாசிற்றர். அவருடைய கடை மேசை லாச்சியில் அப்படி ஒரு குவியலே கிடக்கிறது. தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிகிற வேலை. அதற்காகத்தான் தைப்பொங்கலுக்கு முன்னமிருந்தே வாளி ஓடியது. கை முழுக்க எண்ணெய். நட்டு முறுக்குகிற சாவி மட்டும் ஹோலில் கிடந்தது.

"தயா! அந்தச் சின்னச் சாவியை ஒருக்கா எடுத்துத் தாரும்!"

குசினிப் பக்கம் திரும்பிக் குரலைக் கூட்டினார்.

"தயா! தயாளினி!"

எண்ணெய்க் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறாந்தைக்கு வந்து எட்டிப் பார்த்தார். ஹோலில், ட்ரம்ஸுக்கு முன்னால், அவருடைய கதிரையில் தயாளினி சாய்ந்திருந்தாள். தலையில் அந்தக் கறுப்பு ஹெட்போன். கனடாத் தமக்கையின் வொய்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடி மெல்ல மெல்லத் தலையை ஆட்டினாள். இவர் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தியபோது, ஒரு காதை மட்டும் இலேசாகத் தூக்கினாள்.

"கேக்கேல்லயப்பா. சத்தத்தைச் சமப்படுத்திக்கொண்டிருக்கிறன்."